வெள்ளி தருவதாகச் சொன்ன தாள்

மலாய் நாட்டுத் தமிழர் டாலரை வெள்ளி என்றே சொல்லிப் பழகியவர்கள். தோட்டத்தில் பால்மரம் சீவுபவரும், பட்டணத்தில் கடை வைத்திருப்பவரும் "இரண்டு வெள்ளி", "பத்து வெள்ளி" என்று கணக்குச் சொல்லும்பொழுது, கையில் இருப்பது காகிதமாயினும் வாயில் வருவது உலோகத்தின் பெயரே. இது வெறும் பேச்சு வழக்கன்று; பழைய வரலாற்றின் எச்சம். பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் கொடுக்கல் வாங்கல் ஸ்பானிய வெள்ளி நாணயத்தில் நடந்தது. மெக்சிகோவிலும் தென்னமெரிக்காவிலும் வெட்டி எடுத்த வெள்ளியை இயந்திரத்தில் அடித்து, ஓரத்தைச் சுரண்டித் திருட முடியாதபடி விளிம்பில் வேலைப்பாடு செய்து வெளியிட்ட காசு அது. அந்தக் கரடுமுரடான விளிம்பைக் கண்டே மலாய்க்காரர் அதை ரிங்கிட் என்று அழைத்தனர்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இந்நாட்டை ஆண்ட காலத்தில், அச்சொல்லுக்கும் பொருளுக்கும் இருந்த கடைசி உறவும் அறுந்தது. அவர்கள் அச்சிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தது. கேட்ட மாத்திரத்தில் இத்தாளை வைத்திருப்பவருக்குப் பத்து டாலர் தருவதாக ஜப்பானிய அரசாங்கம் வாக்களிக்கிறது என்ற வாசகமும் ஆங்கிலத்தில் இருந்தது. எந்தப் பத்து டாலர், எங்கே போய்க் கேட்பது என்பது மட்டும் அதில் இல்லை. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அத்தாள் செல்லாது என்றாயிற்று. வியர்வை சிந்திச் சேர்த்ததைத் தகரப் பெட்டியிலும் தலையணைக்குள்ளும் வைத்திருந்த குடும்பங்களின் கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஜப்பானியர் அந்நியர், நாட்டைப் பிடிக்க வந்தவர்கள், அவர்கள் தாள் பொய்த்ததில் வியப்பென்ன என்று சிலர் கேட்கலாம். ஆதலின், அந்நியர் அல்லாதார் அச்சிட்ட ஒரு தாளின் கதையை இங்கே சொல்லப் புகுகிறோம். தம் சொந்த மக்களின் விடுதலைக்காகப் போர் தொடுத்தவர்கள், தம் சொந்த மக்களிடமே கொடுத்த தாள் அது. அதில் வெள்ளி என்ற சொல் எழுத்தாகவே அச்சிடப்பட்டிருந்தது. அதுவும் வேறெந்த வெள்ளியும் அன்று. பினாங்குக் கடைத்தெருவில் புழங்கிய அதே ஸ்பானிய வெள்ளிதான்.

1775 ஆம் ஆண்டு. வட அமெரிக்காவிலிருந்த பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் இங்கிலாந்துடன் போர் தொடங்கிவிட்டன. அவற்றின் பிரதிநிதிகள் பிலடெல்பியா நகரில் கூடியிருந்தனர். அந்தச் சபைக்குக் காங்கிரஸ் என்று பெயர். (நம்மவருக்குக் காங்கிரஸ் என்றவுடன் இந்தியக் காங்கிரஸ் நினைவுக்கு வரும், இது அதற்கு நூற்றுப்பத்து ஆண்டுகள் முந்தியது.) படை சேர்க்க வேண்டும், துப்பாக்கி மருந்து வாங்க வேண்டும், சிப்பாய்க்குச் சோறும் சப்பாத்தும் கொடுக்க வேண்டும். சபையின் கையில் ஒரு காசும் இல்லை. அதனினும் பெரிய குறை ஒன்றிருந்தது: வரி போடும் அதிகாரமே அச்சபைக்கு இல்லை. தங்கள் சம்மதமின்றி இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரி போட்டது என்பதற்காகவே துப்பாக்கி தூக்கிய மக்கள், தாங்களே கூட்டிய சபைக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்க மனம் கொள்ளவில்லை. எனவே 1775 ஜூன் 22 அன்று, 20 இலட்சம் ஸ்பானிய வெள்ளி மதிப்புக்குத் தாள் அச்சிடுவதென்று சபை தீர்மானித்தது.

அந்தத் தாள் அழகாகவே இருந்தது. ஹால், செல்லர்ஸ் என்ற இருவரின் அச்சுக்கூடத்தில் அது தயாராயிற்று. அச்சுத் தொழிலிலேயே வளர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் படங்களுக்கு யோசனை சொன்னார். முட்செடியைப் பற்றிய கையொன்றில் இரத்தம் வடிவது ஐந்து வெள்ளித் தாளில் இருந்தது. பெரிய மரத்தைச் சிறிய நீர்நாய் போன்ற பிராணி ஒன்று கடித்துக் கடித்துச் சாய்க்க முயல்வது ஆறு வெள்ளித் தாளில் இருந்தது. அந்த மரம் இங்கிலாந்து என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தாளின் பின்புறத்தில், உண்மையான மரத்திலையை அச்சாக வார்த்து எடுத்த படம். எந்தக் கைதேர்ந்த சித்திரக்காரனும் இலை நரம்பை அப்படியே வரைய முடியாது ஆகையால், கள்ளத்தாள் அடிப்பவனுக்கு அது ஒரு தடை. ஒவ்வொரு தாளிலும் எண்ணும் கைச்சாத்தும் பேனாவால் எழுதப்பட்டன. கைச்சாத்து இடுவதற்கென்றே 28 பேரைக் கூலிக்கு நியமித்தார்கள்.

தாளின் முகத்தில் எழுதியிருந்தது யாதெனில், இதை வைத்திருப்பவர் இத்தனை ஸ்பானிய வெள்ளியையோ, அதன் மதிப்புக்குப் பொன்னையோ வெள்ளியையோ பெற உரிமையுடையவர், காங்கிரஸின் தீர்மானங்களின்படி என்பது. வாசகர்கள் அக்கடைசிச் சொற்களைக் கவனிக்க வேண்டும். எப்பொழுது பெறலாம் என்பது தாளில் இல்லை, தீர்மானத்தில் இருந்தது. பதின்மூன்று நாடுகளும் தத்தம் பங்கை வரியாக வசூலித்து, 1779 நவம்பர் முடிவில் தொடங்கி நான்கு ஆண்டுகளில் தாள்களைத் திரும்ப வாங்கித் தீர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. மக்கள் தொகையைக் கொண்டு பங்கு பிரித்தார்கள். அந்தத் தலைக்கணக்கில், அடிமைகளாக வைத்திருந்த கறுப்பு மக்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளி பெறும் உரிமையில் அவர்களுக்குப் பங்கில்லை. கடனைப் பிரிக்கும்பொழுது மட்டும் அவர்களும் மனிதராயினர்!

இருபது இலட்சத்தோடு நின்றிருந்தால் ஒருவேளை வாக்கு நிறைவேறியிருக்கும். அந்த ஆண்டு முடிவதற்குள் 60 இலட்சம் ஆயிற்று. 1776 இல் மேலும் 1 கோடி 90 இலட்சம். 1777 இல் 1 கோடி 30 இலட்சம். 1778 இல் ஓராண்டில் மட்டும் 6 கோடிக்கு மேல். நாடுகளோ வரி வசூலித்து அனுப்பவில்லை. அனுப்பாதது போதாதென்று தாங்களும் தனித்தனியே தாள் அச்சிட்டன. போர்க்களத்தில் தளபதி பணம் கேட்டால் காங்கிரஸ் செய்யக் கூடியது ஒன்றுதான்: அச்சுக்கூடத்துக்குச் சொல்லியனுப்புவது.

தாளை நம்பாதவரை நம்பவைக்கச் சட்டம் வந்தது. இதை வாங்க மறுப்பவன் தேசத்தின் பகைவனாகக் கருதப்படுவான், அவன் பெயர் ஊரறிய வெளியிடப்படும், அவனோடு யாரும் வியாபாரம் செய்யலாகாது என்று 1776 ஜனவரி 11 இல் காங்கிரஸ் தீர்மானித்தது. பிலடெல்பியாவில் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த சில வியாபாரிகள், போருக்கென்று அச்சிட்ட பணத்தைத் தொடுவது தங்கள் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்றார்கள். அவர்கள் பெயர் பகைவர் பட்டியலில் ஏறிற்று. வெள்ளிக்காசை ஏற்கும்படி எந்த அரசாங்கமும் யாரையும் மிரட்ட வேண்டி வந்ததில்லை என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

எதிரியும் சும்மா இருக்கவில்லை. நியூயார்க் நகரம் ஆங்கிலேயர் கையில் இருந்தது. அங்கே 1777 ஏப்ரலில் ஒரு பத்திரிகையில் விளம்பரம் வந்தது: உள்நாட்டுக்குப் பயணம் போகிறவர்களுக்கு, அசலோடு வேறுபாடு தெரியாத கள்ளத்தாள் வேண்டிய மட்டும் கிடைக்கும், அது அச்சான காகிதத்தின் விலையைக் கொடுத்தால் போதும் என்று. கள்ளத்தாளுக்குப் பத்திரிகை விளம்பரம் செய்த வேடிக்கையை வேறெங்கும் நாம் படித்ததில்லை. பிராங்க்ளினின் இலை நரம்பு பயன்படவில்லை. இரண்டு தொகுதித் தாள்கள் முழுவதையும் கள்ளத்தாள் மிகுதியால் திரும்பப் பெறும்படி 1779 ஜனவரியில் காங்கிரஸே உத்தரவிட நேர்ந்தது.

தாளின் மதிப்பு எப்படி இறங்கிற்று என்பதற்குக் காங்கிரஸ் பின்னால் தயாரித்த அட்டவணையே சாட்சி. 1777 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொண்டார்கள். 1778 மார்ச்சில் ஒன்றே முக்கால், செப்டம்பரில் 4, 1779 மார்ச்சில் 10, செப்டம்பரில் 18, 1780 மார்ச்சில் 40. கடைத்தெருவில் இதைவிட மோசமாக இருந்தது. நம் மலாய் நாட்டிலும், ஜப்பானியர் காலத்துக் கடன்களைத் தீர்த்து வைக்க 1948 இல் சட்டம் செய்தபொழுது, இன்ன காலத்தில் ஜப்பானியத் தாள் இத்தனைக்கு நல்ல வெள்ளி இத்தனை என்று இதேபோல் ஓர் அட்டவணை போட வேண்டியிருந்தது. நூற்று அறுபத்தெட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு அட்டவணைகள். இரண்டும் ஒரே சரிவு.

விலை ஏறும் என்று தெரிந்த வியாபாரி சரக்கை வெளியே விடமாட்டான். 1777 ஜூலையில் பாஸ்டன் நகரில் ஒரு பணக்கார வியாபாரி காப்பிக் கொட்டையைக் கிடங்கில் பூட்டி வைத்துக்கொண்டு, கட்டுப்படியான விலைக்குக் கொடுக்க மறுத்தான். நூறு பெண்கள், அதற்கு மேலும் என்கிறார்கள், தள்ளுவண்டியோடு அவன் கிடங்குக்குப் போனார்கள். சாவியைக் கேட்டார்கள், அவன் கொடுக்கவில்லை. ஒருத்தி அவன் கழுத்தைப் பிடித்து வண்டியில் தூக்கிப் போட்டாள். சாவி வந்தது. வண்டியைக் கவிழ்த்து அவனைக் கீழே கொட்டிவிட்டு, கிடங்கைத் திறந்து, காப்பியை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆண்கள் பெருங்கூட்டமாக நின்று வாய் பேசாமல் வேடிக்கை பார்த்தார்களாம். பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸுக்கு அவர் மனைவி அபிகெயில் எழுதிய கடிதத்தில் இச்செய்தி இருக்கிறது.

கடன் கொடுத்தவர் பாடு அதைவிடப் பரிதாபம். போருக்கு முன் நல்ல வெள்ளியாகக் கொடுத்த கடனைத் தாளாகத் திருப்பினால் வாங்கியே ஆக வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். உலகத்தில் கடன் வாங்கியவன் ஒளிவான், கொடுத்தவன் தேடுவான். அங்கே கொடுத்தவன் ஓட, வாங்கியவன் தாள்கட்டோடு துரத்தினான் என்று, விடுதலைப் பிரகடனத்தில் கைச்சாத்திட்டவர்களில் ஒருவரான விதர்ஸ்பூன் பாதிரியார் பின்னர் எழுதினார். படைத்தலைவர் வாஷிங்டனே தமக்கு வரவேண்டிய பழைய கடன்கள் இருபதில் ஒரு பங்கு மதிப்பில் திரும்பி வருவதாக 1779 இல் குறைப்பட்டுக்கொண்டார். ஒரு வண்டி நிறையப் பணம் கொண்டுபோனாலும் ஒரு வண்டி நிறைய உணவுப்பொருள் வாங்குவது அரிதாகிவிட்டது என்று அவர் அதே ஆண்டு காங்கிரஸ் தலைவருக்கு எழுதினார். வாஷிங்டனுக்கு நிலமும் தோட்டமும் இருந்தன, தாங்கிக்கொண்டார். கணவன் விட்டுப்போன கடன் பத்திரத்தின் வட்டியில் அடுப்பெரித்த கைம்பெண்ணுக்கு என்ன இருந்தது?

இப்பொழுது, இக்கதையில் நம் மனத்தை மிகவும் உறுத்தும் இடத்துக்கு வருகிறோம். 1779 செப்டம்பரில் ஏறக்குறைய 16 கோடி வெள்ளிக்குத் தாள் வெளியாகியிருந்தது. 20 கோடிக்கு மேல் போவதில்லை என்று காங்கிரஸ் உறுதி செய்துகொண்டது. செப்டம்பர் 13 அன்று, அப்பொழுது தலைவராயிருந்த ஜான் ஜே என்பவர் பெயரால் மக்களுக்கு ஒரு நீண்ட கடிதம் வெளியாயிற்று. நாட்டின் செல்வம் பெரிது. போர் முடிந்தால் கடனைத் தீர்ப்பது எளிது. காங்கிரஸ் சொன்ன சொல்லை மீறும் என்று ஐயுறுவதே தகாது. வாக்குத் தவறிய குடியரசு என்ற பழியை இந்நாடு சுமக்குமா என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. கடிதம் நன்றாக இருந்தது. நெஞ்சில் கை வைத்து எழுதியதாகவே நமக்குத் தோன்றுகிறது. அதைப் படித்துவிட்டுத் தாளைக் கைவிடாமல் வைத்துக்கொண்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

ஆறு மாதம் ஆயிற்று. 1780 மார்ச் 18 அன்று, நாற்பது தாள் ஒரு வெள்ளிக்குச் சமம் என்று அதே காங்கிரஸ் தீர்மானித்தது. இருபது கோடிக் கடன் ஐம்பது இலட்சமாகச் சுருங்கிற்று. தாளை ஏற்க மறுப்பவரைத் தண்டிக்கும் சட்டங்களையும் திருத்திக்கொள்ளலாம் என்று அன்றைக்கே நாடுகளுக்கு யோசனை சொல்லப்பட்டது. தமிழில் நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறிக்கிறோம். அன்று பிலடெல்பியாவில் இரண்டும் ஒரே தீர்மானத்தில் கரைந்தன.

அவர்களுக்காகவும் பேச வேண்டியது உண்டு. தாள் இல்லாவிட்டால் போர் இல்லை. போர் இல்லாவிட்டால் விடுதலை இல்லை. வரி போட முடியாத சபைக்கு வேறு வழி இல்லை. பிராங்க்ளின் 1779 இல் ஒரு நண்பருக்கு எழுதுகையில், இந்தப் பணம் ஒரு வியப்பான இயந்திரம் என்றார்: வெளியிடும்பொழுது படைக்குச் சம்பளமும் சோறும் கொடுக்கிறது, மிகுந்துவிட்டால் மதிப்பு இறங்கி, தன் கடனைத் தானே தீர்த்துக்கொள்கிறது. அதாவது அது கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி. தாள் யார் கையில் இருக்கும்பொழுது மதிப்பு இறங்குகிறதோ அவர் அவ்வளவு வரி கொடுத்தவராகிறார் என்பது கருத்து.

பிராங்க்ளின் மேதை, கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஆயினும் அந்த வரி யாரிடம் வசூலாயிற்று என்று பார்க்க வேண்டும். காலையில் வாங்கிய தாளை மாலைக்குள் மாவாகவும் உப்பாகவும் நிலமாகவும் மாற்றிக்கொள்ளத் தெரிந்தவன் ஒரு காசும் கொடுக்கவில்லை. மாற்றிக்கொள்ள வழியில்லாதவனும், மாற்றிக்கொள்வது தேசத் துரோகம் என்று எண்ணியவனும் முழு வரியையும் கொடுத்தார்கள். எவ்வளவு நாள் நம்பினானோ அவ்வளவுக்கு வரி. சந்தேகப்பட்டவனுக்கு விலக்கு! உலகில் எந்த மந்திரியும் வாய்விட்டுச் சொல்லி இப்படி ஒரு வரியைப் போட்டிருக்க முடியாது.

1781 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் தாள் அடியோடு நின்றது. பிலடெல்பியாவில் சிலர் தொப்பியில் தாளைச் செருகிக்கொண்டு ஊர்வலம் போனார்கள் என்றும், ஒரு நாய்க்குத் தார் பூசி உடம்பெல்லாம் தாளை ஒட்டி முன்னால் விட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. "ஒரு சல்லி பெறாது" என்று நாம் சொல்வதுபோல, "ஒரு கான்டினென்டல் பெறாது" என்பது அந்நாட்டில் பழமொழியாயிற்று. அத்தாளின் பெயர் அது.

படையில் இருந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இல்லை. சாதாரணச் சிப்பாயின் சம்பளம் மாதம் 6⅔ வெள்ளி. அது தாளாக வந்தது. சில மாதம் தாளாகவும் வரவில்லை. 1781 ஜனவரி முதல் நாள் பென்சில்வேனியாப் படையினர் சம்பள பாக்கியும் விடுதலையும் கேட்டுக் கலகம் செய்தார்கள். எதிரியோடு சேர்ந்துகொள்ள ஆள் அனுப்பி அழைத்தபொழுது, வந்த ஒற்றர்களைப் பிடித்துத் தம் அதிகாரிகளிடமே ஒப்படைத்தார்கள். கூலி கேட்டார்கள், நாட்டை விற்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில், போரை முடித்து வைத்த யார்க்டவுன் முற்றுகைக்குப் படை தெற்கே நடந்தது. வழியில் சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள். பிரெஞ்சுத் தளபதியிடம் கைமாற்றாக வெள்ளி வாங்கி, ஒரு மாதச் சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்தார்கள். ஜோசப் பிளம் மார்ட்டின் என்ற சிப்பாய் கிழவனான பிறகு தம் நினைவுகளை எழுதினார். 1776 க்குப் பின் பணம் என்று சொல்லத்தக்கதைக் கூலியாகப் பெற்றது அந்த ஒருமுறைதான். பிறகு எக்காலத்திலும் இல்லை என்கிறார்.

போர் முடிந்தது, புதிய அரசியல் சட்டம் வந்தது. நாடுகள் இனித் தாள் வெளியிடக்கூடாது, பொன் வெள்ளிக் காசன்றி வேறெதையும் கடன் தீர்க்கும் பணமாக்கக்கூடாது என்று 1787 இல் அதில் எழுதிக்கொண்டார்கள். சூடு கண்டவர்கள். 1790 ஆகஸ்டு 4 ஆம் நாள் சட்டத்தின்படி, பழைய தாள்களைக் கொண்டுவருவோருக்கு நூறுக்கு ஒன்று வீதம் புதிய கடன் பத்திரம் கொடுக்க ஏற்பாடாயிற்று. ஒரு சிப்பாய் தன் மாதச் சம்பளமான 6⅔ வெள்ளித் தாளைச் செலவிடாமல் மடித்து வைத்துப் பதினைந்து ஆண்டு காத்திருந்தால், அவனுக்குக் கிடைக்கக் கூடியது 6⅔ காசு, அதுவும் ரொக்கமன்று.

சம்பள பாக்கிக்காகச் சிப்பாய்களுக்குக் கொடுத்திருந்த சீட்டுகளை மட்டும் முழு மதிப்புக்கு ஏற்றார்கள். ஆனால் அதற்குள் பெரும்பாலான சீட்டுகள் சிப்பாய்களிடம் இல்லை. வயிற்றுக்காக எட்டில் ஒரு பங்கு விலைக்கு விற்றிருந்தார்கள். வாங்கி அடுக்கியவர்கள் பட்டணத்துப் பணக்காரர்கள். முதலில் சீட்டுப் பெற்றவனுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று மாடிசன் என்பவர் சட்டசபையில் வாதாடினார். 1790 பிப்ரவரி 22 இல் வாக்கெடுத்தார்கள். அவர் பக்கம் 13 பேர். எதிர்ப்பக்கம் 36 பேர்.

மேலே சொன்ன மார்ட்டின் 1820 இல் ஓய்வூதியத்துக்காக நீதிமன்றத்தில் தம் சொத்துக் கணக்கைக் கொடுத்தார். நிலம் இல்லை, வருமானம் இல்லை. இரண்டு பசு, ஆறு செம்மறியாடு, ஒரு பன்றி.